குமிழி வந்தால் போதாது: சூரிய எரிபொருள் சோதனையைச் செய்வது எப்படி

எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற மாணவர்கள் முதலில் கேட்பது, "எந்த வினையூக்கி நல்லா வேலை செய்யும்?" என்பதுதான். நான் அதற்குப் பதில் சொல்லாமல், "என்ன விளக்கு வெச்சிருக்கே? குடுவை எத்தனை மில்லி?" என்று திருப்பிக் கேட்பேன். சலித்துக்கொள்வார்கள். ஆனால் ஒளியையும் வினையூக்கியையும் வைத்து எரிபொருள் செய்கிற இந்த வேலையில் வாயுவை வரவழைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வந்த வாயு ஒளியால்தான் வந்ததா, நாம் சொல்கிற மூலப்பொருளிலிருந்துதான் வந்ததா, ஒளியின் ஆற்றல் அதில் சேர்ந்திருக்கிறதா என்று காட்டுவதில்தான் பாடு இருக்கிறது. இந்தக் குறிப்பில் பெரும்பகுதி அதற்கே போகும்.

எடுத்துக்கொள்ளும் சோதனை, இந்தத் துறைக்குள் வருகிற எல்லோரும் முதலில் செய்து பார்ப்பது: பிளாட்டினம் ஏற்றிய டைட்டானியம் டைஆக்சைடு தூள், தண்ணீர், கொஞ்சம் மெத்தனால், 365 நானோமீட்டர் எல்.இ.டி. விளக்கு. கிடைப்பது ஹைட்ரஜன்.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு

குறைகடத்தியின் மேல் ஒளி விழுந்தால் இணைதிறன் பட்டையிலிருந்து எலெக்ட்ரான் கடத்துப் பட்டைக்குத் தாவும். அது விட்டுப்போன இடத்தில் மின்துளை மிஞ்சும். எலெக்ட்ரான் தண்ணீரை ஹைட்ரஜனாக ஒடுக்கும். மின்துளை எதையாவது ஆக்சிஜனேற்றம் செய்யும், இந்தச் சோதனையில் மெத்தனாலை. தாவுவதற்கு ஃபோட்டானில் போதிய ஆற்றல் இருக்க வேண்டும். இரண்டு பட்டைகளுக்கும் நடுவிலுள்ள ஆற்றல் வித்தியாசம்தான் பட்டை இடைவெளி. 1240-ஐ எலெக்ட்ரான் வோல்ட்டில் உள்ள அந்த இடைவெளியால் வகுத்தால், எந்த அலைநீளம் வரை பயன்படும் என்பது நானோமீட்டரில் வந்துவிடும். அனடேஸ் வகை டைட்டானியம் டைஆக்சைடுக்கு 3.2, ஆகவே 387 நானோமீட்டர். கார்பன் நைட்ரைடுக்கு 2.7, ஏறக்குறைய 460. பிஸ்மத் வனடேட்டுக்கு 2.4, ஏறக்குறைய 517.

இந்த வகுத்தலைச் செய்யாமல் விளக்கு வாங்காதீர்கள். தரைக்கு வரும் வெயிலின் ஆற்றலில் புற ஊதா 5 சதவீதம்கூடத் தேறாது. டைட்டானியம் டைஆக்சைடு அதை மட்டும்தான் தின்னும். 1972-ல் ஜப்பானிய வேதியியலாளர்கள் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் அந்தப் பொருளை மின்வாயாக வைத்து, ஒளியால் தண்ணீரைப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். அன்று முதல் இன்று வரை துறையின் பாதி உழைப்பு, இந்த எல்லையைக் கண்ணுக்குத் தெரியும் ஒளிப்பக்கம் நகர்த்துவதில்தான் போயிருக்கிறது.

இடைவெளி சின்னதாக இருந்தால் மட்டும் ஆகிவிடாது, பட்டைகள் எந்த மட்டத்தில் இருக்கின்றன என்பதும் முக்கியம். பிஸ்மத் வனடேட் நீல ஒளியை நன்றாகவே விழுங்கும். ஆனால் அதன் கடத்துப் பட்டை ஹைட்ரஜன் உண்டாகத் தேவையான மட்டத்துக்கு எட்டாது. அது ஆக்சிஜன் பக்கத்துக்கான ஆள்.

பிளாட்டினம் ஏற்றுவது

100 மில்லிகிராம் டைட்டானியம் டைஆக்சைடு தூளை 50 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீரில் பத்தில் ஒரு பங்கு மெத்தனாலாக இருக்கட்டும். எடையில் 1 சதவீதம் பிளாட்டினம் என்றால் 1 மில்லிகிராம், அதாவது சுமார் 5 மைக்ரோமோல். அதற்குச் சரியான அளவு குளோரோபிளாட்டினிக் அமிலக் கரைசலைச் சேர்த்து, ஆர்கானை அரை மணி நேரம் குமிழவிட்டு, கலக்கிக்கொண்டே விளக்கைப் போடுங்கள்.

இந்தக் கட்டத்தில் வேறு வேலைக்குப் போகாமல் பக்கத்திலேயே நிற்கச் சொல்வேன். பால் வெள்ளையாக இருக்கும் கலவை, ஒளி படும் சன்னல் ஓரத்தில் முதலில் மங்கும். கலக்கலோடு அந்த மங்கல் உள்ளே இழுபட்டுப் பரவி, கடைசியில் மொத்தமும் சீரான சாம்பல் நிறத்துக்கு வந்து நிற்கும். ஒளியில் பிறந்த எலெக்ட்ரான்கள் பிளாட்டினம் அயனிகளை உலோகமாக மாற்றி, தூளின் மேலேயே நுண்துகள்களாக உட்கார வைப்பதுதான் அந்த நிறமாற்றம். நிறம் சீராக வராமல் கறுப்புப் பொட்டுகளாகத் தெரிந்தால் கலக்கல் போதவில்லை, பிளாட்டினம் திரண்டுவிட்டது என்று அர்த்தம். அந்தத் தூளை வைத்து மேலே போகாதீர்கள்.

பிறகு வடிகட்டிக் கழுவுங்கள். எத்தனை முறை கழுவுவது? கழுவிய நீரில் ஒரு துளி சில்வர் நைட்ரேட் விட்டுப் பாருங்கள். வெள்ளையாகக் கலங்கினால் குளோரைடு இன்னும் இருக்கிறது. கலங்குவது நிற்கும் வரை கழுவி, 80 டிகிரியில் உலர்த்திவிடலாம்.

குடுவை, மூடி, ஆர்கான்

தட்டையான சன்னல் வைத்த போரோசிலிகேட் குடுவை போதும். 300 நானோமீட்டருக்குக் கீழே அந்தக் கண்ணாடி ஒளியை விடாது, ஆனால் 365-க்கு அது பிரச்சினை இல்லை. குவார்ட்ஸ்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை.

குடுவையின் உண்மையான கொள்ளளவை நீங்களே அளந்துகொள்ளுங்கள். காலிக் குடுவையை மூடியோடு எடை போட்டு, வாய் வரை தண்ணீர் நிரப்பி மறுபடி எடை போட்டால் வித்தியாசம்தான் கொள்ளளவு. மேலே எழுதியிருக்கும் எண்ணை நம்பக்கூடாது; 50 மில்லிக் குடுவை வாய் வரை பிடிப்பது அதைவிடக் கணிசமாக அதிகம். திரவத்துக்கு மேலே மிஞ்சும் வாயு இடத்தின் அளவு தெரியாமல் கடைசிக் கணக்கு எதுவும் நிற்காது.

ஊசி குத்தி வாயு எடுக்கும் ரப்பர் மூடியை, அதாவது செப்டத்தை, ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதிதாக மாற்றுங்கள். ஊசி பல தடவை குத்திய செப்டம் வெளிப்பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், காற்று மட்டும் உள்ளே வந்துகொண்டிருக்கும். ஆர்கான் ஊதி முடித்ததும், விளக்கு போடும் முன்பே, ஒரு மாதிரி எடுத்து வாயு நிறப்பிரிகைக் கருவியில் செலுத்திப் பாருங்கள்; ஆய்வகங்களில் ஜி.சி. என்றே சொல்வோம், கலவையிலுள்ள ஒவ்வொரு வாயுவையும் பிரித்து வரைபடத்தில் ஒரு சிகரமாகக் காட்டும். நைட்ரஜன் சிகரம் அடித்தளக் கோட்டிலிருந்து தலை தூக்கவே கூடாது.

எல்.இ.டி. சூடாகாது என்று நினைக்க வேண்டாம். வெப்பமானியைத் திரவத்துக்குள் வையுங்கள், வெளியே ஓடும் குளிர்நீரில் வைத்தால் அது குளிர்நீரின் கதையைத்தான் சொல்லும். செனான் விளக்கு என்றால் அகச்சிவப்பை வடிக்க நடுவில் நீர் வடிகட்டி கட்டாயம். 365 நானோமீட்டர் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது, அதனால்தான் ஆபத்து. புற ஊதாக் கண்ணாடி போடாதவரை ஆய்வகத்துக்குள் விடாதீர்கள்.

அளப்பது

ஹைட்ரஜனுக்கு வெப்பக் கடத்துத்திறன் கண்டறிவான் வைத்த ஜி.சி. வேண்டும். ஏந்து வாயுவாக ஆர்கான் இருக்கட்டும். ஹீலியம், ஹைட்ரஜன் இரண்டின் வெப்பக் கடத்துத்திறனும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஹீலியத்தை ஓடவிட்டால் ஹைட்ரஜன் சிகரம் தேய்ந்துபோகும். 5 ஆங்ஸ்ட்ராம் மூலக்கூற்றுச் சல்லடைக் குழாயில் முதலில் ஹைட்ரஜன், பிறகு ஆக்சிஜன், பிறகு நைட்ரஜன் என்ற வரிசையில் வெளியே வரும்.

அரை மணிக்கு ஒரு முறை மாதிரி எடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்த வாயுவைக் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டும். தூண்டல் காலம் என்று தொடக்கத்தில் கொஞ்சம் தாமதம் இருக்கலாம். அதன் பிறகு நேர்கோடாக ஏற வேண்டும். அந்தக் கோட்டின் சரிவுதான் வேகம். ஒரே ஒரு புள்ளியை எடுத்து நேரத்தால் வகுத்து வேகம் என்று எழுதுவதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

ஏறிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். கோடு படுத்துவிட வேண்டும். திரும்பப் போட்டால் அதே சரிவில் எழ வேண்டும். இந்தப் படிக்கட்டு வரைபடம் ஒன்று இருந்தால் மற்ற பல விளக்கங்கள் தேவைப்படாது. இது தவிர, இருட்டில் ஒன்று, வினையூக்கி இல்லாமல் ஒன்று, பிளாட்டினம் ஏற்றாத தூளோடு ஒன்று என்று தனித்தனி ஓட்டங்கள் உண்டு. அலுப்பூட்டும் வேலைதான். தவிர்க்க வழியில்லை.

ஃபோட்டானை எண்ணுங்கள்

எத்தனை ஃபோட்டான் உள்ளே போயிற்று என்று தெரியாமல் எத்தனை ஹைட்ரஜன் வந்தது என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. குடுவை நிற்கும் இடத்தில் ஒளித்திறன்மானியை வைத்து அளந்தபோது 10 மில்லிவாட் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 36 ஜூல். 365 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்றின் ஆற்றல் 3.4 எலெக்ட்ரான் வோல்ட், அதாவது 5.44 × 10⁻¹⁹ ஜூல். வகுத்தால் ஏறக்குறைய 6.6 × 10¹⁹ ஃபோட்டான்கள், மோலில் சொன்னால் 110 மைக்ரோமோல்.

அதே ஒரு மணி நேரத்தில், 40 மில்லி வாயு இடத்தில் ஹைட்ரஜன் 1 சதவீதம் சேர்ந்திருக்கிறது. அதாவது 0.4 மில்லி. அறை வெப்பநிலையில் ஒரு மோல் வாயு சுமார் 24.5 லிட்டர் என்று வைத்தால் 16 மைக்ரோமோல் ஆகும். ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு இரண்டு எலெக்ட்ரான், எனவே 32 மைக்ரோமோல் எலெக்ட்ரான். 32-ஐ 110-ஆல் வகுத்தால் தோற்றக் குவாண்டம் திறன் 29 சதவீதம். இது எந்த ஆய்வகத்து எண்ணோடும் ஒப்பிடக்கூடிய எண்.

மெத்தனால் இருக்கும்போது இதில் ஒரு சின்னத் திருட்டு உண்டு. மின்துளையிடம் ஒரு எலெக்ட்ரானை இழந்த மெத்தனால் தனியுறுப்பாகி (ரேடிக்கல்), இன்னொரு எலெக்ட்ரானைத் தானே வினையூக்கிக்குள் தள்ளிவிடும். ஒரு ஃபோட்டானுக்கு இரண்டு எலெக்ட்ரான். அதனால் மெத்தனாலில் கிடைத்த திறனைப் பார்த்துவிட்டுத் தண்ணீரிலும் அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

திறன்மானி கையில் இல்லையென்றால் பொட்டாசியம் ஃபெரிஆக்சலேட் கரைசலை அதே குடுவையில் ஊற்றி ஒளி காட்டலாம். உண்டாகும் ஃபெரஸ் அயனியை பினாந்த்ரோலினோடு சேர்த்தால் ஆரஞ்சுச் சிவப்பு நிறம் வரும். அதை 510 நானோமீட்டரில் அளந்து ஃபோட்டானைப் பின்னோக்கிக் கணக்கிடலாம். குடுவையின் வடிவம், சன்னலில் சிதறிப்போகும் ஒளி எல்லாம் தானாகவே கணக்கில் வந்துவிடுவதால் எனக்கு இந்த முறைதான் பிடிக்கும். கரைசலை மட்டும் சிவப்பு விளக்கில் கையாள வேண்டும்.

இன்னொன்று. ‘ஒரு கிராமுக்கு ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மைக்ரோமோல்’ என்று மட்டும் எழுதியிருக்கும் முடிவை நான் பாதிதான் நம்புவேன். தூளின் அளவைக் கூட்டிக்கொண்டே போனால் மொத்த ஹைட்ரஜன் கொஞ்ச தூரம் ஏறும்; ஒளி முழுவதும் உறிஞ்சப்பட்டதும் நின்றுவிடும். 5 மில்லிகிராமில் அளந்துவிட்டு 200-ஆல் பெருக்கினால் மலைப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு கிராமைப் போட்டால் அது வராது. 10, 20, 50, 100 மில்லிகிராம் என்று போட்டு, மொத்த வேகம் சமதளமாகும் இடத்தில் குவாண்டம் திறனைச் சொல்லுங்கள்.

மெத்தனாலின் கணக்கு

இவ்வளவும் செய்த பிறகும் கையில் இருப்பது சூரிய எரிபொருள் இல்லை. சங்கடமான விஷயம்தான், ஆனால் எண்கள் தெளிவாக இருக்கின்றன. தண்ணீரைப் பிரித்து ஒரு மோல் ஹைட்ரஜன் எடுக்க 237 கிலோஜூல் கட்டிலா ஆற்றல் ஏற வேண்டும். மெத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து கார்பன் டைஆக்சைடாகவும் மூன்று ஹைட்ரஜனாகவும் மாற மொத்தமே சுமார் 9 கிலோஜூல்தான், ஒரு ஹைட்ரஜனுக்கு வெறும் 3. மிச்சம் முழுக்க மெத்தனாலில் ஏற்கெனவே இருந்தது. வங்கியில் போட்டிருந்த சேமிப்பை எடுத்து வருமானம் என்று காட்டுவது மாதிரிதான் இது. வினையூக்கியின் எலெக்ட்ரான் பக்கம் வேலை செய்கிறதா என்று பார்க்க மெத்தனால் நல்ல கருவி. அதோடு சரி. இந்த அமைப்பில் ‘சூரிய ஒளியிலிருந்து ஹைட்ரஜனுக்கு’ என்று சதவீதம் போட்டு எழுதக்கூடாது.

உண்மையான பரீட்சை, வெறும் தண்ணீர். அங்கே ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2-க்கு 1 என்ற விகிதத்தில் வர வேண்டும். ஆக்சிஜன் வரவில்லையென்றால் மின்துளைகள் வேறெதையோ தின்கின்றன, பெரும்பாலும் வினையூக்கியையே. ஆக்சிஜன் வந்தால் உடனே நைட்ரஜன் சிகரத்தைப் பாருங்கள். காற்றில் ஆக்சிஜனைப் போல் ஏறக்குறைய 3.7 மடங்கு நைட்ரஜன் இருக்கிறது. ஆகவே நைட்ரஜனை 3.7-ஆல் வகுத்து வரும் அளவை ஆக்சிஜனிலிருந்து கழித்துவிட வேண்டும். பல நேரம் அந்தக் கழித்தலோடு ஆக்சிஜன் காணாமல் போய்விடும்.

வெறும் தண்ணீரில் பிளாட்டினமே எதிரியாகவும் மாறும். உண்டான ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் அது மறுபடி தண்ணீராகச் சேர்த்துவிடும். இதற்கு ஜப்பானில் கசுனாரி தோமெனின் குழுவினர் கையாண்ட வழி அழகானது: ரோடியம் துகளின் மேல் குரோமியம் ஆக்சைடு உறை. அந்த உறை ஆக்சிஜனை ரோடியத்திடம் நெருங்க விடாது, ஹைட்ரஜன் உண்டாவதைத் தடுக்கவும் செய்யாது. அலுமினியம் கலந்த ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில் இந்த இணைவினையூக்கியை, அதாவது உறையிட்ட ரோடியத்தை, ஒரு படிக முகத்திலும், ஆக்சிஜனுக்கான கோபால்ட் சேர்மத்தை வேறு முகத்திலும் ஏற்றி, 350 முதல் 360 நானோமீட்டரில் 96 சதவீதம் வரை புறக் குவாண்டம் திறனை 2020-ல் காட்டினார்கள். அதே வகைப் பொருளைத் தகடுகளாக்கி 100 சதுர மீட்டருக்குத் திறந்த வெளியில் விரித்தபோது, 2021-ல் வெளியான முடிவில், சூரிய ஒளியிலிருந்து ஹைட்ரஜனுக்கு உச்சபட்சம் 0.76 சதவீதம்.

96 எங்கே, 0.76 எங்கே என்று மாணவர்கள் திகைப்பார்கள். முன்னால் போட்ட வகுத்தல்தான் விடை. அந்தப் பொருளின் பட்டை இடைவெளியும் 3.2-ஐ ஒட்டியதுதான். புற ஊதா முழுவதையும் பிசிறில்லாமல் பயன்படுத்தினாலும் 2 சதவீதத்துக்கு மேல் போக இடமில்லை. எனவே 0.76-ஐ நான் குறைவாகப் பேசமாட்டேன். 1 சதவீதத் திறன் என்றாலே, ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் வெயில் அடிக்கும்போது மணிக்கு மூன்றே முக்கால் லிட்டர் போல ஹைட்ரஜன்.

ஜாக்கிரதையாக இருக்க வேண்டிய இடமும் இதுதான். ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்தக் கலவையிலும் பற்றும். 2-க்கு 1 கலவை என்பது வெடிகலவையேதான். ஆய்வகத்தில் வாயு இடத்தைச் சின்னதாக வையுங்கள், குடுவையைப் புகைக்கூண்டுக்குள் வையுங்கள், திறக்கும் முன் ஆர்கான் ஊதி வெளியேற்றுங்கள்.

கார்பன் டைஆக்சைடு பக்கம் போகிறவர்களுக்கு

இங்கே ஏமாற்றம் இன்னும் நுணுக்கமானது. கார்பன் டைஆக்சைடிலிருந்து கார்பன் மோனாக்சைடு எடுக்க இரண்டு எலெக்ட்ரான், மெத்தனாலுக்கு ஆறு, மீத்தேனுக்கு எட்டு. ஜி.சி.யில் துளியளவு மோனாக்சைடு தெரிந்ததும் கொண்டாடுவார்கள். ஆனால் தூள் தயாரித்தபோது ஒட்டிய கரைப்பான், கார்பன் நைட்ரைடு போன்ற கார்பன் உள்ள வினையூக்கி, எலெக்ட்ரான் கொடையாளியாகச் சேர்த்த டிரைஎத்தனாலமீன், செப்டத்தில் தடவிய கிரீஸ் என்று எல்லாமே ஒளியில் சிதைந்து அதே மோனாக்சைடைத் தரக்கூடும்.

முதல் வேலை, கார்பன் டைஆக்சைடுக்குப் பதில் ஆர்கானை நிரப்பி அதே சோதனையை ஓட்டுவது. அப்போதும் மோனாக்சைடு வந்தால் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை. வரவில்லையென்றால் கார்பன்-13 அடையாளமிட்ட கார்பன் டைஆக்சைடு. விளைபொருளின் நிறை 28-லிருந்து 29-க்கு நகர வேண்டும். நைட்ரஜனின் நிறையும் 28-தான், அதன் ஐசோடோப்பால் 29-லும் லேசாகத் தலைகாட்டும். எனவே ஜி.சி.யில் பிரித்த பிறகே நிறைமானிக்கு அனுப்புங்கள். மோனாக்சைடு 29-ல் வந்தால் மட்டும் போதாது, 28-ல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதையும் எழுத வேண்டும்.

எரிபொருளோடு நிற்காமல் வேதிப்பொருள் செய்வதிலும் எனக்கு ஈடுபாடு உண்டு. மின்துளையை வீணாக்காமல் பென்சைல் ஆல்கஹாலைக் கொடுத்தால் ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் பென்சால்டிஹைடு. இரண்டும் சம மோல் அளவில் வருகிறதா என்று பாருங்கள். ஆல்டிஹைடு குறைந்தால் அது மேலும் ஆக்சிஜனேற்றமாகிப் பென்சாயிக் அமிலமாகப் போகிறது என்று சந்தேகிக்கலாம். தண்ணீர் நிறைய இருக்கும் ஊடகத்தில் அது எளிதாக நடக்கும்.

ஜி.சி. இல்லாதவர்கள்

மெத்திலீன் நீலம் வைத்துச் செய்துகாட்டலாம், வகுப்பறைக்கு நல்லது. நிறம் போனதும் சாயம் சிதைந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஆக்சிஜன் இல்லாதபோது அது ஒடுக்கப்பட்டு நிறமற்ற வடிவத்துக்கும் போகும். மூடியைத் திறந்து நன்றாகக் குலுக்குங்கள். நீலம் திரும்பினால் ஒன்றும் சிதையவில்லை. தவிர, அந்தச் சாயம் தானே சிவப்பு ஒளியை விழுங்கும். ‘கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வேலை செய்யும் வினையூக்கி’ என்று நிரூபிக்க அதைப் பயன்படுத்தவே கூடாது.

நேரடி வெயிலில் வைக்க விரும்பினால் ஒளிமானியின் அளவைத் தொடர்ந்து பதிவு செய்யுங்கள். மேகம் ஒரு தடவை கடந்தாலும் கோடு வளையும். பக்கத்திலேயே அதே கலவையோடு, ஒளி புகாமல் சுற்றிய இரண்டாவது குடுவை நிற்கட்டும். அதைத் தனியாகச் சூடாக்கி, வெயிலில் நிற்பதன் வெப்பநிலைக்கே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் ஒளி செய்தது எது, சூடு செய்தது எது என்று பிரிக்க முடியாது.

முடிந்ததும் தூளை வடிகட்டிக் கழுவி, புதுக் கரைசலில் மறுபடி ஓட்டுங்கள். வேகம் குறைந்தால், தூளை இழந்தீர்களா, தூள் செயலிழந்ததா என்று எடை போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். பயன்படுத்திய சாம்பல் நிறத் தூளைத் தனிப் புட்டியில், தேதியும் பிளாட்டினம் எத்தனை சதவீதம் என்பதும் எழுதி வையுங்கள். கழுவுதொட்டியில் கொட்டிவிடாதீர்கள், பிளாட்டினத்தை மீட்டெடுக்கலாம்.